பெருக்கல் போடாத பட்டைகள்

பர்மாவின் தின்கன்ஜூனில் அந்தச் சந்துக்குள் நுழைந்து ஜெயகுமாரி வீடு எது என்று கேட்டால் நாலு பேர் யோசிப்பார்கள். கால் தையல் மிஷின் ஓடுகிற வீடு எது என்று கேட்டால் உடனே கையை நீட்டுவார்கள். அதெல்லாம் முன்னே. இப்போது எதைக் கேட்டாலும் கை நீளாது. கேட்கிறவன் யார், எதற்குக் கேட்கிறான் என்று முதலில் செருப்பைப் பார்ப்பார்கள், பிறகு முகத்தைப் பார்ப்பார்கள், கடைசியில் தெரியாது என்பார்கள். காலம் அப்படி ஆகிப்போனது.

ஜெயகுமாரி மாவ்பி ஊர் ஆவுடையம்மாளின் கடைசி மகள். ஆவுடையம்மாளோடு சேர்த்துப் பிறந்தவர்கள் ஐந்து பேர். அறுபத்து நாலில் மூட்டையைக் கட்டி இந்தியாவுக்குக் கப்பலேறியவர்கள் மூன்று பேர்; போக மாட்டோம் என்று வெற்றிலைக் கொடிக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் இரண்டு பேர். நின்ற இரண்டில் ஒருத்தி ஆவுடையம்மாள், மற்றவள் தங்கை நீலாம்பாள். அந்த நீலாம்பாள் பெற்ற குழந்தைவேலுதான் இப்போது வட்டார ஆபீசில் பட்டியல் எழுதுகிறவன். இவனை மறந்துவிடக் கூடாது, பின்னால் வருவான்.

ஜெயகுமாரி கட்டிக்கொண்டது ஒரு பர்மாக்காரரை. கோ தெய்ன் என்று பெயர். டாக்சி ஓட்டினார், அதிர்ந்து பேச மாட்டார். கொரோனா உச்சத்தில் இருந்த வருஷம் மூச்சுக்கு அலைந்து அலைந்தே போய்விட்டார். அவருக்கும் அவளுக்கும் ஒரே பிள்ளை. வீட்டில் சிவானந்தன், பள்ளிக்கூடத்தில் ஒரு பர்மியப் பெயர். அம்மா தமிழில் திட்டினால் பர்மியத்தில் பதில் சொல்லுவான். சோற்றுக்கு மட்டும் தமிழில் கேட்பான்.

பையன்களைப் பட்டாளத்துக்கு எடுக்கிற சட்டம் வந்தது இரண்டாயிரத்து இருபத்து நாலில். சிவானந்தனுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. ஒருநாள் காலையில் தோள்பையை மாட்டிக்கொண்டு, பஸ் பிடித்துப் போனான். எந்தப் பக்கம் போகிறான் என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கிழக்கே காட்டுக்குள், பட்டாளத்தை எதிர்த்து நிற்கிற பிள்ளைகளோடு சேர்ந்துவிட்டான் என்பது பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. சந்தில் கேட்டவர்களிடம், "பினாங்குல ஓட்டல்ல மாவாட்டறான்" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பொய்யைப் பாலூட்டி வளர்த்தாள். முதலாளிக்குச் சர்க்கரை வியாதி என்றும், மாடியில் நாலு பேராகப் படுக்கிறார்கள் என்றும் அதற்குக் கை கால் வைத்தாள்.

மாதத்துக்கு ஒரு தடவை, நடுப்பகலில், தெரியாத எண்ணிலிருந்து போன் வரும்.

"அம்மா, சாப்டேன்."

"என்ன வேலைடா பாக்கற?"

"தூக்கற வேலைம்மா. தோளுதான் வலிக்குது."

அவ்வளவுதான், லைன் போய்விடும். அரிசி மூட்டை தூக்குகிறான் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். மூட்டை தூக்குகிறவனை யார் சுடப்போகிறார்கள் என்று ஓர் ஆறுதலையும் தனக்குத் தானே தைத்துப் போட்டுக்கொண்டாள்.

பை தைக்கிற ஃபேக்டரியில் பதினாறு வருஷம் வேலை செய்தவள் அவள். அதிலும் கைப்பிடி தைக்கிற வரிசை. பை கிழிந்தாலும் கைப்பிடி பிய்ந்து வரக் கூடாது என்பது அந்த வரிசையின் சட்டம். வாரின் முனையை மடித்து, சுற்றிச் சதுரமாகத் தைத்து, சதுரத்துக்குள் மூலைக்கு மூலை பெருக்கல் குறி போட்டு, முடிகிற இடத்தில் மூன்று தடவை முன்னும் பின்னும் ஓட்ட வேண்டும். அப்படித் தைத்தால் மாடு கட்டி இழுத்தாலும் வராது. சண்டை வந்து ஃபேக்டரி மூடியதும் அவள் கால் மிஷினை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கரண்டு நாலு மணி நேரம் வரும், எட்டு மணி நேரம் போகும். கால் மிஷினுக்கு அந்தக் கவலை இல்லை.

வேலை கொண்டுவந்தவள் ஷப்னம். ஷப்னம் யார் என்றால், நூல்கடை உதுமானின் இரண்டாவது மகள். ஜெயகுமாரி கல்யாணத்துக்கு ரவிக்கைப் பொத்தான் உதுமான் கடையில்தான் வாங்கினார்கள். இத்தனை பழக்கம் இருந்தும் ஷப்னம் வந்தால் உட்கார மாட்டாள், லபெயெ டீ கொடுத்தால் குடிக்க மாட்டாள். கூடையின் மேலே காய்ந்த மிளகாய் இருக்கும். மிளகாயை ஒதுக்கினால் அடியில் பட்டை பட்டையாக வெட்டிய கெட்டித் துணி, கரும்பச்சை நிறத்தில்.

"பள்ளிக்கூடப் பை வாருக்கா. ரெண்டு முனையிலயும் வளையம் வேணும். கெட்டியா இருக்கணும்."

பச்சை பள்ளிக்கூட நிறம்தான். பிள்ளைகள் எல்லாம் பச்சை லுங்கிதானே கட்டுகிறார்கள். ஆனால் பதினாறு வருஷம் வார் தைத்த கைக்கு அளவு தெரியாதா? பள்ளிக்கூடப் பை வார் இவ்வளவு நீளம் இருக்காது. இது நாலு விரல் அகலம், ஒரு வளர்ந்த ஆளின் நெஞ்சைச் சுற்றி வந்து மிச்சமும் இருக்கும்.

"எந்த ஸ்கூலும்மா இது, ஆனைக்குப் பை தைக்குது?" என்று கேட்டாள்.

ஷப்னம் சிரிக்கவில்லை. "தச்சுக் குடுங்கக்கா. கேக்காதீங்க."

போகும்போது வெட்டி விழுந்த துண்டுகளை எல்லாம், நகக்கண் அளவு துணியைக்கூட, குனிந்து பொறுக்கி எடுத்துக்கொண்டு போனாள். பள்ளிக்கூடப் பைக்காரி எதற்கு நூல் பொறுக்குகிறாள்? முதல் கட்டை ஜெயகுமாரி ஒழுங்காகவே தைத்துக் கொடுத்தாள். ஆனால் மனசில் ஒரு முள் விழுந்துவிட்டது.

அந்த முள்ளோடு குழந்தைவேலுவும் சேர்ந்துகொண்டான். சனிக்கிழமை தோறும் வருவான். ஷப்னத்துக்கு எதிர்மாறு இவன். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டான், லபெயெயைச் சொட்டுச் சொட்டாகக் குடிப்பான்.

"என்னக்கா, மிஷின் ஓயவே மாட்டேங்குது?"

"ஓஞ்சா நீ வந்து அடுப்பு மூட்டுவியா?"

"சிவா போன் பண்றானா?"

"பண்றான்."

"பினாங்குல இப்ப மழையாமே."

"ஆமா. மாவு புளிக்க மாட்டேங்குதுன்னு சொன்னான்."

குழந்தைவேலு சிரித்தான். சிரிப்பு வாயோடு நின்றது, கண் துணிமேல் இருந்தது. "பச்சையா இருக்கே?"

"பள்ளிக்கூடப் பை வாரு."

"ம்... அவன் பாஸ்போட்டு காப்பி ஒண்ணு இருந்தா குடுக்கா. பட்டியல்ல அவன் பேரு வர்ற பக்கத்துல, ஊர்ல இல்லன்னு ஒட்டி வெச்சிடறேன். எனக்கும் நல்லது, உனக்கும் நல்லது."

"அவன்கிட்டதான் இருக்கு. கேட்டு வாங்கித் தர்றேன்."

"யபாதே, யபாதே, பரவால்ல. அவசரமில்ல."

அவசரமில்லை என்று சொல்லிக்கொண்டு மூன்றாவது சனிக்கிழமையாகக் கேட்கிறான். காப்பாற்றக் கேட்கிறானா, பிடித்துக் கொடுக்கக் கேட்கிறானா? சித்தி மகன்தான். அதே சித்தி மகன் கையெழுத்தில்தான் பக்கத்துச் சந்துப் பையன்கள் இரண்டு பேருக்குப் பட்டாள அழைப்பு வந்தது.

இப்படி இருக்கும்போது ஒருநாள் கண் டாக்டரைப் பார்க்க ஜெயகுமாரி மிங்கலாடோன் பக்கம் போனாள். திரும்பும்போது பஸ் பட்டாளக் குடியிருப்பைத் தாண்டுகிற இடத்தில் கொஞ்சம் நின்றது. ஜன்னல் வழியே பார்த்தாள். கேட்டுக்கு உள்ளேயிருந்து ஷப்னம் வெளியே வந்தாள். அதே கூடை. காவல் நிற்கிற சிப்பாய் அவளைத் தடுக்கவில்லை, சோதிக்கவில்லை. ஏதோ சொன்னான், இவளும் தலையை ஆட்டிச் சிரித்துவிட்டு வந்தாள். தன் வீட்டில் ஒரு வாய் லபெயெ குடிக்காதவள் சிப்பாயிடம் சிரிக்கிறாள்!

ஜெயகுமாரி ஜன்னலிலிருந்து முகத்தை உள்ளே இழுத்துக்கொண்டாள். கரும்பச்சை, நாலு விரல் அகலம், இரண்டு முனையிலும் வளையம். தோளில் மாட்டுகிற வார். அதில் தொங்கப்போவது பை இல்லை, துப்பாக்கி! பிள்ளையைக் காட்டுக்கு அனுப்பிவிட்டு, அவனைக் குறி பார்க்கிறவனுக்கு உட்கார்ந்து வார் தைத்துக்கொண்டிருக்கிறாளா அவள்?

வீட்டுக்கு வந்து மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். அடுத்த கட்டு, நாற்பது பட்டை, காத்திருந்தது. தைக்க மாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் ஏன் என்று கேள்வி வரும், கேள்வி வந்தால் பினாங்கு வரை போகும். யாரிடமாவது சொல்லி அழலாம். யாரிடம்? இந்தச் சந்தில் எந்தக் காது தலானுடைய காது என்று யாருக்குத் தெரியும்? ஒற்றனுக்குப் பர்மாவில் தலான் என்று பெயர். அந்தச் சொல்லை இப்போது சத்தமாகச் சொல்லக்கூட ஆள் கிடையாது.

அப்போதுதான் அவள் கை தானாக ஒரு காரியம் செய்தது. தையல் நீளம் வைக்கிற குமிழைக் கடைசி வரை திருப்பியது. மேல் நூலின் இறுக்கத்தைத் தளர்த்தியது. சதுரம் மட்டும் ஓட்டினாள், உள்ளே பெருக்கல் போடவில்லை. முடிகிற இடத்தில் திருப்பி ஓட்டாமல் நூலைக் கத்தரித்தாள். பார்த்தால் தையல், இழுத்தால் வெறும் நூல். எவன் தோளில் மாட்டினாலும் நடு வழியில் அவிழ்ந்து விழட்டும் என்று நாற்பதையும் அப்படியே தைத்தாள். ஃபேக்டரியில் ஒரு வாரை அப்படி விட்டிருந்தால் அன்றைக்கே அழுதிருப்பாள். இப்போது ஒவ்வொன்றையும் மடித்து வைக்கும்போது மகனுக்கு ஒரு கவளம் ஊட்டிய நிறைவு இருந்தது.

ஷப்னம் வந்து வாங்கினாள். "சீக்கிரம் முடிச்சிட்டீங்களேக்கா."

"கை பழகிப்போச்சு."

இருவரும் ஒருவரை ஒருவர் ஒரு நொடி அதிகமாகப் பார்த்தார்கள். ஷப்னம் குனிந்து துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு போனாள்.

நாலு நாள் ஆள் இல்லை. ஐந்தாம் நாள், நல்ல வெயிலில் வந்தாள். கூடையில் மிளகாய் இல்லை. உள்ளே வந்து தாழ்ப்பாளைத் தானே போட்டாள். மடியிலிருந்து ஒரு பட்டையை எடுத்து, ஜன்னல் கம்பியில் வளையத்தை மாட்டி, மறு முனையைக் கையில் சுற்றி ஓர் இழு இழுத்தாள். சர்ரென்று பிரிந்துவிட்டது. பச்சை நூல் பல்லைக் காட்டிக்கொண்டு தொங்கியது.

"யாரு சொல்லி இப்படித் தச்சீங்க?"

"யாரு சொல்லணும்?"

"மொதக் கட்டு நல்லா இருந்துச்சு. நடுவுல பெருக்கல் இருந்துச்சு. இதுல இல்ல. கை தவறினா ஒண்ணு தவறும், ரெண்டு தவறும். நாப்பதுமா தவறும்? உங்க தம்பி சொன்னாரா?"

"வேலுவா? அவனுக்கு இதுல என்ன?"

"அவரு பட்டியல் எழுதறவரு. வாரம் தவறாம இங்க வந்து உக்காந்துட்டுப் போறாரு. நான் பாக்கலன்னு நெனச்சீங்களா?"

ஜெயகுமாரிக்குச் சுருக்கென்றது. இவள் என்னையா தலான் என்கிறாள்? "நான் கேக்கறேன், நீ சொல்லு. மிங்கலாடோன் பட்டாளக் கேட்டுக்குள்ள உனக்கு என்ன வேலை?"

ஷப்னத்தின் கை தாழ்ப்பாள் பக்கம் போனது. பிறகு இரண்டு பேரும் அசையவில்லை. இவள் சொன்னால் அவள் எங்கே கொண்டுபோவாளோ என்று இவளுக்கு. அவள் சொன்னால் இவள் யாரிடம் சொல்லுவாளோ என்று அவளுக்கு. வெளியே மொஹிங்கா நூடுல்ஸ் விற்கிறவள் கூவிக்கொண்டு போனாள். அவள் குரல் சந்தின் கடைசி வரை போய்த் தேய்கிற வரைக்கும் அப்படியே நின்றார்கள்.

கம்பியில் தொங்கிய பட்டையை ஜெயகுமாரி பார்த்தாள். இவ்வளவு கோபம் எதற்கு? துப்பாக்கி வார் அறுந்தால் பட்டாளத்துக்குக் கோபம் வரும், இவளுக்கு எதற்குக் கண்ணில் தண்ணீர் நிற்கிறது? ஒருவேளை நான்தான்... அதற்கு மேல் யோசிக்கப் பயந்து, வாயைத் திறந்துவிட்டாள். நாலு பேரிடம் சொல்லக்கூடாததை, இந்த ஒருத்தியிடம் சொல்லவே கூடாததைச் சொன்னாள்.

"என் பிள்ளை பினாங்குல இல்ல."

சொல்லிவிட்டு மிஷின் பலகையைப் பிடித்துக்கொண்டாள். இனி அவன் உயிர் உதுமான் மகள் நாக்கில் இருக்கிறது.

ஷப்னம் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தாள். பிறகு மெல்ல வந்து, இந்த வீட்டில் முதல் தடவையாக, பாயில் உட்கார்ந்தாள்.

"அங்க ஆஃபீசர் பொஞ்சாதிங்களுக்கு ரவிக்கை பிடிச்சுக் குடுக்கறேன்க்கா. அதுல ஒருத்தி வீட்டுல மிச்சத் துணி கெடக்கும், பழைய கூடாரம், வாரு எல்லாம். தரை தொடைக்கன்னு கேட்டு வாங்கிட்டு வருவேன். கடையில இத்தனை பச்சைத் துணி வாங்கினா அன்னிக்கே பிடிச்சிருவாங்க. அவங்க துணியிலதான் நம்ம பிள்ளைங்களத் தூக்கறோம்."

"தூக்கறதா?"

"மூங்கில் படுக்கைக்கா. அடி பட்டவங்கள வெச்சுத் தூக்கிட்டுப் போறது. நடுத் துணி வேற ஒருத்தி தைக்கறா, எங்கேன்னு கேக்காதீங்க. உங்க பட்டை ரெண்டு நெஞ்சுக்கும் காலுக்கும், மலை ஏறும்போது ஆளு சரியாம இருக்க. ரெண்டு தூக்கறவங்க தோளுக்கு."

ஜெயகுமாரி கேட்டுக்கொண்டே இருந்தாள். தூக்கற வேலைம்மா. தோளுதான் வலிக்குது. மூட்டை இல்லை. ஆள்! அவன் தூக்குவது ஆள்.

"நாப்பதும் உன்கிட்டதானே இருக்கு? சொல்லு, இருக்கில்ல?"

"இருபத்தெட்டு இருக்கு. பன்னெண்டு மாவ்பிக்குப் போற கருவாட்டு மூட்டைக்குள்ள வெச்சு அனுப்பிட்டேன். அனுப்பிட்டு வந்துதான் இன்னொண்ண மாட்டி இழுத்துப் பாத்தேன்."

"திருப்பி வாங்கு."

"யாருகிட்ட? எனக்கு மாவ்பி வரைக்கும்தான் தெரியும். மாவ்பிக்காரருக்கு அடுத்த ஊரு மட்டும் தெரியும். அப்படித்தான்க்கா வெச்சிருக்கு. ஒருத்தர் மாட்டினா மத்தவங்க தப்பிக்கணும்ல."

ஜெயகுமாரி அழவில்லை. "போ, இருபத்தெட்டையும் எடுத்துட்டு வா" என்றாள்.

அன்றைக்கு மத்தியானம் ஷப்னம் பிரித்தாள், இவள் தைத்தாள். குமிழைத் திருப்பி, நூலை இறுக்கி, சதுரமும் பெருக்கலும் இரட்டையாக ஓட்டினாள். முடிந்த ஒவ்வொன்றையும் கீழே போட்டுக் காலால் மிதித்துக் கையால் இழுத்துப் பார்த்தாள். ஆனாலும் மனசு அந்தப் பன்னிரண்டின் பின்னாலேயே ஓடியது. காகிதத்தில் எழுதி அனுப்ப முடியாது. வழியில் எவன் கையிலாவது காகிதம் மாட்டினால் படிப்பான். அப்போது ஒரு யோசனை வந்தது. மிஞ்சிய ஒரு பட்டையை எடுத்தாள். ஒரு முனையைத் தான் செய்த திருட்டுத் தையலால் தைத்துப் பாதி பிரித்து விட்டாள். மறு முனையில் சிவப்பு நூலால் சதுரமும் பெருக்கலும் போட்டாள். நடுவில் ஆறு கோணி ஊசிகளைக் குத்தி, மெழுகு தேய்த்த நூலைச் சுற்றினாள்.

"இது என்னக்கா?" என்றாள் ஷப்னம்.

"கட்டுக்கு மேல வெச்சு அனுப்பு. தையல் தெரிஞ்ச பொம்பள ஒருத்தி அங்க இருந்தா போதும், பாத்த ஒடனே புரிஞ்சுக்குவா. முன்ன வந்ததையும் இழுத்துப் பாரு, இப்படிப் போடுன்னு அர்த்தம்."

"புரியலேன்னா?"

ஜெயகுமாரி நூலை இன்னொரு சுற்றுச் சுற்றினாள். கதவு தட்டுகிற சத்தம் கேட்டது.

"அக்கா!"

குழந்தைவேலு. சனிக்கிழமை என்பதை இரண்டு பேரும் மறந்துவிட்டார்கள். ஷப்னம் அவளைப் பார்த்த பார்வையில் பழைய சந்தேகம் முழுசாகத் திரும்பி வந்திருந்தது. ஒளித்து வைக்க நேரமில்லை. ஜெயகுமாரி போய்த் திறந்தாள். அவன் உள்ளே வந்தான், பாயில் கிடந்த பச்சையைப் பார்த்தான், ஷப்னத்தைப் பார்த்தான், சிவப்பு நூல் போட்ட பட்டையைக் கையில் எடுத்தான். பிரிந்த முனையைத் தடவினான். பெருக்கல் முனையை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தான்.

"பள்ளிக்கூடப் பை வாரு" என்றாள் ஜெயகுமாரி.

"தெரியுமே." பட்டையை இருந்த இடத்திலேயே வைத்தான். "கெட்டியாத்தான் தைக்கணும். இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குப் பாரம் ஜாஸ்தி."

அன்றைக்கு அவன் உட்காரவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அந்த பாஸ்போட்டு காப்பி... அவசரமில்லக்கா. அந்தப் பக்கத்த நான் இன்னும் திருப்பல" என்றான்.

போய்விட்டான். திருப்பவே மாட்டேன் என்று சொன்னானா, திருப்புகிற நாள் வரும் என்று சொன்னானா? இரண்டு பெண்களும் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் யார் பக்கம் என்பது இன்று வரைக்கும் அவர்களுக்குத் தெரியாது. ஒன்று மட்டும் நடந்தது: மறுநாளே ஷப்னம் வருகிற வழியை மாற்றிக்கொண்டாள்.

கட்டு போனது. சிவப்புப் பட்டையும் போனது. மாவ்பி தாண்டியதா, அங்கே ஊசி பிடிக்கத் தெரிந்த ஒருத்தி இருந்தாளா, ஒரு செய்தியும் இல்லை. வராது என்றும் தெரியும். பன்னிரண்டு பட்டை என்றால் மூன்று படுக்கை. படுக்கைக்கு ஓர் ஆள். மூன்று பேர், அவர்களைத் தூக்குகிற ஆறு பேர். அந்த ஒன்பதில் ஒருவன் தன் வயிற்றில் பிறந்தவன் இல்லை என்று அவளால் சத்தியம் செய்ய முடியவில்லை. மற்ற எட்டுப் பேருக்கும் வயிறு இருக்கிறதே என்றும் நினைப்பாள்.

மாதக் கடைசியில், நடுப்பகலில் போன் வந்தது.

"அம்மா, சாப்டேன்."

"தோளு எப்படிடா இருக்கு?"

"பரவால்லம்மா. பழகிருச்சு."

கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. போனில் கேட்க முடியுமா? யார் யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்களோ.

"சிவா, ஒண்ணு சொல்றேன் கேளு. எதையும் கட்டறதுக்கு முன்னால ஒரு தடவை இழுத்துப் பாத்துக்கடா."

"எதைம்மா?"

"எதா இருந்தாலும். காலால மிதிச்சுக்கிட்டு, ரெண்டு கையாலயும் இழு..."

லைன் போயிருந்தது. எந்தச் சொல் வரைக்கும் அவன் காதில் விழுந்ததோ தெரியவில்லை. போனைத் துணிக்கட்டின் மேல் வைத்துவிட்டு, மிஷினில் பாதியில் நின்ற பட்டையை எடுத்தாள். தைத்து முடித்துக் கீழே போட்டாள். ஏறி மிதித்து, இரண்டு கையாலும் இழுத்தாள். பிரியவில்லை. இன்னொரு தடவை இழுத்தாள்.